எழுந்து நின்று சொல்ல வேண்டிய செய்தி

ஒருவர் இந்த நாட்டுக்குள் வரலாமா, கூடாதா என்று முடிவு செய்வதற்காகவே மாதாமாதம் சம்பளம் வாங்கியவள் நான். சொன்னால் சிரிப்பீர்கள், என் சொந்த வீட்டுக்குள் யார் வரலாம் என்பதில் எனக்கு ஒருநாளும் அதிகாரம் இருந்ததில்லை. சின்ன மாமனார் குடும்பத்தோடு வந்து டேரா போட்டாலும் "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பித்தூள் டப்பாவைத் தேட வேண்டியதுதான். கோவை விமான நிலையத்துக் கவுண்டரில் உட்கார்ந்தால்தான் என் பேச்சுக்கு மதிப்பு.

போன மாதம் கௌதம் கூப்பிட்டான். என்னிடம் வேலை பழகிய சப்-இன்ஸ்பெக்டர். இப்போது ஈரோட்டுப் பக்கம் இன்ஸ்பெக்டராக இருக்கிறான். "அக்கா, நம்ம உக்காந்திருந்த கவுண்டரையெல்லாம் பேத்து எடுத்துட்டாங்களாமாங்க. இனி மூஞ்சிய மிசினே பாத்துக்குமாமா. அந்தக் காலத்தைப் பத்தி நீங்க ஏதாச்சும் எழுதிக் குடுங்க. நாமெல்லாம் ஒண்ணு சேர்றப்ப படிக்கலாம்" என்றான். மிஷின் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டு அன்று முழுக்க அந்தக் கவுண்டரையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இடதுபக்க ஓரத்தில் சன்மைக்கா பெயர்ந்திருக்கும். என் கண்ணாடி வளையல்கள் எத்தனையோ அதில் மாட்டி உடைந்திருக்கின்றன. பேர்த்தவர்களுக்கு அது வெறும் பலகை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடினோம், விழுந்தோம், சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தோம். அப்புறம் பொள்ளாச்சிப் பக்கம் மகளிர் காவல் நிலையத்தில் வருடக்கணக்காகப் புருஷன் பெண்டாட்டி சண்டைகளைத் தீர்த்து வைத்தேன். ஒருநாள் திடீரென்று குடியேற்றப் பிரிவுக்குப் போ என்றார்கள். அந்த நாட்களில் எங்கள் விமான நிலையத்தில் மாநிலப் போலீஸ்காரர்கள்தான் இந்த வேலையைப் பார்த்தோம். சென்னையில் கொஞ்ச நாள் சொல்லிக்கொடுத்தார்கள். மீதியைக் கவுண்டரில்தான் கற்றுக்கொண்டேன்.

என்ன அருமையான நாட்கள்! ஷார்ஜா விமானம் வந்தால் கம்பளிப் போர்வைக் கட்டும் அட்டைப்பெட்டியுமாக ஆட்கள் இறங்குவார்கள். வெளியே அவர்களுடைய குடும்பங்கள் தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு நிற்கும். சிங்கப்பூர் விமானம் வந்தால் கூடமே சென்ட் மணக்கும். இடையில் சில வருடங்கள் கொழும்பிலிருந்தும் ஒரு விமானம் வந்துபோனது. இரண்டு விமானத்துக்கு நடுவே கேன்டீன் டீயும் பருப்பு வடையும் ஊர் வம்பும்தான். இன்று வீட்டில் எவ்வளவு நல்ல டீ போட்டாலும் அந்தத் தண்ணி டீயின் ருசி வரமாட்டேன் என்கிறது.

வேலை என்ன என்று கேட்டால், பாஸ்போர்ட்டை வாங்கி முதலில் கண்ணால் பார்க்கவே கூடாது, விரலால் தடவ வேண்டும். படம் ஒட்டிய பக்கத்தை மாற்றியிருந்தால் ஓரத்தில் விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு நீல விளக்கில் பிடித்துப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்க்கும்போது காதைப் பார்க்க வேண்டும். மீசை மாறும், முடி மாறும், காது மாறாது. கணினியில் விசாவைப் பார்த்து, கைரேகை எடுத்து, எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்க வேண்டும். இவ்வளவும் சரியென்றால் முத்திரை. சந்தேகம் வந்தால் பக்கத்து அறை. அங்கேயும் தீரவில்லை என்றால், வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். அந்த விமானம் கிளம்புவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். திருப்பி அனுப்பப்படுபவரின் பாஸ்போர்ட்டை அவர் கையில் தரமாட்டோம், விமானக் கம்பெனி ஆளிடம்தான் தருவோம். எல்லோரும் ஏறி உட்கார்ந்தபிறகு அவரைக் கடைசியாக ஏற்றுவார்கள்.

எங்கள் டி.எஸ்.பி. வேங்கடபதி சார். பீளமேட்டுக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். சுக்குக்காப்பி பிளாஸ்க் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. குரலை உயர்த்த மாட்டார். கள்ளப் பாஸ்போர்ட்டோடு பிடிபட்டவனைக்கூட "ஏனுங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க, அப்புறம் பேசலாம்" என்பார். எங்களுக்கெல்லாம் உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். ஆனால் தண்ணீர் குடித்தவன் பாதி உண்மையை அவனாகவே சொல்லிவிடுவான்.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுண்டு. அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. "உக்காந்துட்டு ஒருத்தரைத் திருப்பி அனுப்பாதீங்க. எந்திரிச்சு நின்னு சொல்லுங்க. ஆரு கேள்வி கேட்டாங்களோ அவங்களேதான் சொல்லோணும். வெளிய அவிய சனம் நின்னா அங்கயும் நீங்களே போயிச் சொல்லோணும். கான்ஸ்டபிளை அனுப்பற சோலி வேண்டாம்" என்பார். மேலதிகாரி போனில் கூப்பிட்டால் எழுந்து நின்று பேசுவார், திருப்பி அனுப்பப்படுபவருக்கும் எழுந்து நிற்பார். நடுவில் கிடக்கிற எங்களிடம் மட்டும்தான் உட்கார்ந்தபடி பேசுவார்.

அந்தச் சட்டத்தின் கனம் எனக்கு முதலில் தெரிந்தது சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பெரியவரால். கொடுமுடிப் பக்கம் பிறந்தவர். மகனோடு போய்த் தங்கி, அந்த ஊர்க் குடிமகனும் ஆகிவிட்டவர். விசா காலாவதியாகிவிட்டதைக் கவனிக்காமல் அங்கே ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இங்கே வந்து என் கவுண்டரில் மாட்டிக்கொண்டார். நான் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்கண்ணு, எம்பட ஊருக்கு வாரதுக்கு எனக்கெதுக்கு விசா? நானென்ன வெள்ளைக்காரனா? மாரியம்மன் நோம்பி சாட்டியிருக்குது, நாளைக்குத் தீச்சட்டிப் பூவோடு எடுக்கறாங்க, நவுரு" என்றார். நவுரு என்கிறார் என்னை! திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் பையிலிருந்து ஒரு சாக்லேட் டப்பாவை எடுத்து, "இதை ஊருக்குக் கொண்டுபோகத்தான் வாங்கினேன். நீயே உம்பட புள்ளைங்களுக்குக் குடு" என்று நீட்டினார். வாங்கக்கூடாது என்றேன். அதற்கும் திட்டினார். அந்த மனிதரைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கழிவறையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

கொழும்பு விமானம் வந்துகொண்டிருந்த காலத்தில் மேலிருந்து ஒரு வாய்மொழி உத்தரவு வந்தது. சுற்றுலா விசாவில் வருகிறவர்களில் சிலர் இங்கே அகதிகள் முகாமில் இருக்கும் சொந்தக்காரர்களோடு தங்கிவிடுகிறார்கள்; கவனமாகக் கேள்வி கேளுங்கள், சந்தேகம் என்றால் விடாதீர்கள் என்றார்கள். ஒருவரை உள்ளே விடாமல் இருக்க அரசாங்கத்தின் கையில் எங்கள் முத்திரை மட்டுமா இருக்கிறது? வருவாய்த் துறை முகாமில் தலை எண்ணும். உளவுப் பிரிவு வந்து விசாரிக்கும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கிற வீட்டுக்காரர் போலீசுக்குத் தகவல் தர வேண்டும். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு கதவு உண்டு, அதில் முதல் கதவுக்கு நாங்கள் காவல். கதவே வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். ஆள்கடத்தல்காரனை என் கையால் பிடித்திருக்கிறேன். ஆனால் அந்த உத்தரவு வந்ததிலிருந்து கொழும்பு விமானம் வருகிற நாளில் கேன்டீன் வடையைத் தொடமாட்டேன்.

அப்படி ஒருநாள் மத்தியானம் கௌதமின் கவுண்டரில் ஒரு பெண் நின்றாள். பெயர் நிரோஜா, வவுனியா. இருபதை ஒட்டிய வயது. எதற்கு வந்தீர்கள் என்றதற்கு, "ஊட்டி பாக்க" என்றாள். எங்கே தங்குவீர்கள் என்றதற்கு ஒரு ஓட்டல் பெயரைச் சொல்லி அச்சடித்த தாளையும் காட்டினாள். திரும்பிப் போகும் டிக்கெட் இருந்தது. சொந்தக்காரர்கள் யாராவது இங்கே உண்டா என்றதற்கு, "ஒருத்தரும் இல்ல" என்றாள். எல்லாம் சரியாக இருந்தது. கௌதம் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து எங்கள் கான்ஸ்டபிள் சிரித்துக்கொண்டே வந்தார். "மேடம், வெளிய வந்து பாருங்க. தவில், நாதஸ்வரம், ஒரு வேன் நிறையச் சனம். வாழைத்தார் அளவுக்கு மாலை. மந்திரி வாராருன்னு நெனச்சேனுங்க. ஒரு பொண்ணுக்குப் பிளக்ஸ் வெச்சிட்டு நிக்கறாங்க" என்று தன் போனில் எடுத்த படத்தைக் காட்டினார்.

ஆள் உயரப் பிளக்ஸ். சுற்றிலும் ரோஜாப்பூ. நடுவில் கும்பிட்டபடி நிற்கும் ஒரு பெண்ணின் முழுப்படம். "மணமகன் தர்ஷனுக்கு இணைச்சீர் செய்ய இலங்கையிலிருந்து வருகை தரும் அன்புத் தங்கை நிரோஜா அவர்களை வருக வருக என வரவேற்கிறோம். இவண்: பெண் வீட்டார், சூலூர்" என்று எழுதியிருந்தது. கௌதம் படத்தைப் பார்த்தான். எதிரே நின்ற பெண்ணைப் பார்த்தான். தூக்கிய முத்திரையைக் கீழே வைத்துவிட்டான்.

எங்கள் ஊர்க்காரர்களால் மட்டும்தான் இப்படி ஒரு காரியம் செய்ய முடியும். விசா வாங்கிக்கொடுத்த ஏஜென்ட் அந்தப் பெண்ணிடம், கல்யாணம் என்றோ முகாம் என்றோ வாயே திறக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறான். இங்கே இவர்கள் சொந்தபந்தம், ஒறம்பரை வருகிறதே, கைவீசிக்கொண்டா போய்க் கூப்பிடுவது என்று மேளதாளத்தோடு வந்து நிற்கிறார்கள். எனக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் ஐயோ என்றிருந்தது.

கௌதம் என்னிடம் ஒப்படைத்த அந்தப் பெண்ணைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். போனில் இருந்த பிளக்ஸ் படத்தைக் காட்டினேன். தன்னுடைய படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவ்வளவு பெரிசா போட்டிருக்கினம்" என்றாள். பிறகு அவளாகவே எல்லாம் சொன்னாள்.

அப்பா சண்டைக்காலத்தில் காணாமல் போனவர். அண்ணனை மட்டும் மாமாவோடு படகில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அவன் ஆனைமலைப் பக்கம் ஒரு முகாமில் வளர்ந்தான், பெயின்டர் வேலைக்குப் போனான். "அப்பா திரும்பி வந்தா வீட்டில ஆரும் இருக்க வேணும் எண்டு அம்மா வரேல்ல. நான் சின்னப் பிள்ளை, அம்மாவோட நிண்டுட்டன். அதுக்குப் பிறகு அண்ணாவ போனில பாத்ததுதான்" என்றாள். பெயின்ட் அடிக்கப்போன இடத்தில் சூலூர்ப் பெண்ணுக்கும் அவனுக்கும் மனசு ஒத்துப்போயிற்று. பெண்ணின் அப்பா பழனிசாமி, தறி வைத்திருப்பவர், மகள் சொல்லைத் தட்டாதவர். பங்காளிகள்தான், சனமும் இல்லாத சாதியும் தெரியாத முகாம் பையனுக்கா பெண்ணைக் கொடுக்கிறாய் என்று குதித்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் முகூர்த்தம். அதற்கு முன்னால் அன்றைக்கே சாயங்காலம் இணைச்சீர்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையையும் அவனுடன் பிறந்தவளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திச் செய்கிற சீர் அது. கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கையிடுக்கில், இன்னொரு தலைப்பு அவள் கையில். புதிதாக ஒருத்தி வந்தாலும் கூடப்பிறந்தவளுக்கு உரிமை போகாது என்று ஊரறியச் சொல்கிற இடம். என் தம்பிக்கு நான் செய்திருக்கிறேன். மணமேடையில் இருந்த அவ்வளவு நேரமும் அவனைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

"இணைச்சீர்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த கதையா இது என்று பார்க்க வேண்டாமா?

"முழுக்கத் தெரியேல்ல. அண்ணியின்ர அம்மா போனில சொன்னவா. சேலைத் தலைப்பப் பிடிக்கவேணுமாம். ஆர் என்ன சொன்னாலும், முடியும்வரை விடாமப் பிடிக்கவேணுமாம். எவ்வளவு நேரம் எண்டு கேக்க மறந்துட்டன்" என்றாள். பொய் சொல்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார்கள். அவளுக்குப் பாதிதான் தெரிந்திருந்தது. நான் நம்பினேன்.

வேங்கடபதி சாரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டுப் போனை எடுத்தார், எழுந்து நின்றார். "கல்யாணம் முடிஞ்சதும் போயிடுவாங்க சார். கொறைஞ்ச நாளுக்கு விடலாம். எம்பட பொறுப்புங்க" என்றார். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, "சரிங்க சார்" என்று வைத்தார். ஒரு வாய் சுக்குக்காப்பி குடித்துவிட்டு, அதற்கும் மேலே இருந்தவரைக் கூப்பிட்டார். அவர் இரண்டு முறை கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான். பொய்யான காரணம் சொல்லி, பொய்யான ஓட்டல் தாள் காட்டியவர்; அண்ணன் முகாமில்; நாளைக்கு இவரும் முகாமில் இருப்பார்; விட முடியாது. அவ்வளவுதான் பதில்.

போனை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். "நான் போயிச் சொல்லிப்போட்டு வாரேன் அம்மணி" என்றார்.

"கேள்வி கேட்டது நான்தானுங்க சார். நானே சொல்றேன்" என்றேன். விமானத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அதிக நேரமில்லை.

அறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் நிரோஜாவும் எழுந்துவிட்டாள். இருவரும் நின்றுகொண்டிருந்தோம். சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று எனக்குப் பட்டது. "அண்ணா வெளியில நிக்கிறாரோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கண்ணாடியால ஒருக்கா பாக்கலாமோ?" என்றாள். எங்கள் கூடத்துக்கும் வெளிவாசலுக்கும் நடுவே சுங்கப் பகுதி இருக்கிறது, இரண்டு சுவர் இருக்கிறது. முடியாதும்மா என்றேன். தலையாட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்து, "அப்ப சேலைத் தலைப்ப ஆர் பிடிப்பினம்?" என்றாள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்ட விமானக் கம்பெனிப் பையன் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்து வெளியே போய்ச் சொல்ல வேண்டும். நான் வருவதைப் பார்த்ததும் தவில்காரர் ஒரு தட்டுத் தட்டினார். கையைக் காட்டி நிறுத்தினேன். பட்டு வேட்டியில் நின்ற பழனிசாமி, "வாங்க மேடம், எங்க புள்ள எங்கீங்க?" என்று சிரித்தார். பக்கத்தில் வெடவெடவென்று ஒல்லியாக மாப்பிள்ளை. பிளக்ஸின் கட்டையை அவனேதான் பிடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். "உள்ள வர அனுமதி கிடைக்கலீங்க" என்றதுமே பின்னாலிருந்து ஒரு பங்காளி ஆரம்பித்துவிட்டார்.

"நாந்தான் அப்பவே சொன்னனே. தங்கச்சியுமில்ல, ஒண்ணுமில்ல. கெடச்ச படத்தை வெச்சுப் பிளக்ஸ் அடிச்சுட்டாங்க. நாதியத்தவனுக்கு ஒறம்பரையாமா!"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மகளிர் ஸ்டேஷனில் பழகிய குரல் எனக்கு, மைக் தேவையில்லை. "ஏனுங்க பெரியவரே, இங்க பாருங்க. இந்தத் தம்பியோட தங்கச்சி வந்தாங்க. இதே பொண்ணுதான். கோயமுத்தூர் மண்ணுல கால் வெச்சாங்க. அண்ணனுக்குச் சீர் செய்யத்தான் வந்தேன்னு எங்கிட்டச் சொன்னாங்க. சர்க்கார்தான் திருப்பி அனுப்புச்சு. அவங்க வராம இருக்கல" என்றேன். பங்காளி வாயை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

பழனிசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சிரித்த முகம் எங்கே போயிற்றோ. "மேடம், நாங்க பிளக்ஸ் வெச்சதாலயா புள்ள மாட்டுச்சு?" என்று கேட்டார். என் பார்வை பிளக்ஸ் பக்கம் போனது. அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்க சொன்னீங்களே, இதையே மண்டபத்துல வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்களா? நான் சொன்னா என் சனம் நம்பாதுங்க. எம் மகளுக்கு அங்க தலை குனிஞ்சு போயிரும்" என்றார்.

சாரிடம் கேட்டேன். பிளாஸ்க்கை மூடிக்கொண்டே, "போயிட்டு வாங்க அம்மணி. சேதி சொல்ற வேலை இன்னும் முடியலீங்களே" என்றார்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர் பெயர் கணினியில் நிற்கும். நிரோஜா மறுபடி விசா கேட்டாள், கிடைக்கவில்லை. கொழும்பு விமானமும் நின்றுபோயிற்று. முகாம் அகதியான தர்ஷனுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. இப்போது சட்டம் மாறுகிறது, விலக்கு தருகிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறபோதெல்லாம் தர்ஷனுக்குப் போன் செய்து, "மறுபடி மனு எழுதிப் போடு சாமி" என்பேன். "போட்டிருக்கேனுங்க அக்கா" என்பான். வேங்கடபதி சார் இன்று இல்லை. கவுண்டரும் இல்லை.

அன்று சாயங்காலம் சீருடையோடு சூலூர் மண்டபத்துக்குப் போனேன். சாப்பிட வாங்க என்றவர்களை அப்புறம் என்று சொல்லிவிட்டு, மணமேடைக்குப் பக்கத்தில் நின்று, விமான நிலையத்தில் சொன்னதையே சொன்னேன். மேடையில் தர்ஷன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். சீர் செய்துவைக்கிற அருமைக்காரர் கூறைச்சேலையோடு காத்திருந்தார்.

"சரி, ஆனது ஆச்சு. மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி முறையில ஆராச்சும் வந்து நில்லுங்க. நேரமாகுது" என்றார் அருமைக்காரர்.

"வேண்டாமுங்க. எனக்குத் தங்கச்சி ஒருத்திதானுங்க" என்றான் தர்ஷன். இறங்கிப்போய், மண்டப வாசலில் சாய்த்திருந்த பிளக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து தன் வலதுபக்கத்தில் நிறுத்தினான். யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"அட சாமி, பிளக்ஸுக்கு ஏதுப்பா கை? தலைப்பை ஆரு புடிக்கறது?" என்றார் அருமைக்காரர்.

நான் யோசிக்கவே இல்லை. தொப்பியைக் கழற்றிப் பழனிசாமியிடம் கொடுத்தேன். ஷூவை விட்டுவிட்டு மேடையேறி, பிளக்ஸுக்குப் பின்னால் போய் நின்றேன். என் தலை தெரியாதபடி கொஞ்சம் குனிந்துகொண்டு, கையை மட்டும் ஓரத்தால் முன்னே நீட்டினேன். அருமைக்காரர் ஒரு நிமிடம் தயங்கிவிட்டுச் சேலைத் தலைப்பை என் கையில் வைத்தார். மங்கலவாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு எதிரே வெள்ளையாகப் பிளக்ஸின் பின்பக்கம் மட்டும்தான். தம்பியின் கல்யாணத்தில் அழுததைவிட அதிகமாக அழுதேன். யாருக்கும் தெரியவில்லை, அந்தமட்டும் நல்லது.

பாதியில் தர்ஷனின் சட்டைப்பையில் போன் அடித்தது. கொழும்பில் இறங்கிவிட்டாள். அருமைக்காரர் முறைத்தார், ஆனாலும் அவன் எடுத்துவிட்டான். ஸ்பீக்கரில் அவள் குரல், பின்னால் ஏதோ விமான அறிவிப்பு.

"அண்ணா, சீர் முடிஞ்சுதோ?"

"நடந்திட்டிருக்கு."

"தலைப்ப ஆர் பிடிச்சிருக்கினம்?"

அவன் பிளக்ஸைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். "உன்னைத் திருப்பி அனுப்புன அக்காதான்" என்றான்.

என்ன சொல்லப்போகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் சொன்னாள்.

"முடியும்வரை விடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."